மரபுக் கட்டடப் பாதுகாப்பு: ஒரு செமஸ்டர் பாடத்தை வடிவமைத்து நடத்த முழு வழிகாட்டி

கட்டடக்கலைக் கல்லூரிகளில் மரபுக் கட்டடப் பாதுகாப்பு என்ற பாடம் பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடுகிறது. முதல் நான்கு வாரம் வெனிஸ் சாசனம், பர்ரா சாசனம் என்று பாதுகாப்பு நெறிகளைச் சொல்லும் ஆவணங்கள் பற்றி வகுப்பு. பிறகு ஒரு நாள் தஞ்சாவூருக்கோ காரைக்குடிக்கோ பயணம். அப்புறம் ஒரு பழைய வீட்டைக் காட்டி, "இதை என்ன செய்யலாம்?" என்று கேட்பது. கடைசி நாளில் சுவரில் தொங்கும் வரைபடங்களில் பாதி, முற்றத்துக்கு மேல் கண்ணாடிக் கூரை போட்ட காபிக் கடையாக இருக்கும். அந்த வீட்டில் ஓதம் (சுவரில் ஏறும் தரையீரம்) எத்தனை அடி உயரம் ஏறியிருக்கிறது, உத்தரத்தின் முனை உளுத்திருக்கிறதா என்று கேட்டால் பதில் வராது.

மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பாடத்தின் வரிசை அப்படி. இங்கே விவரிக்கும் திட்டம் அந்த வரிசையைப் புரட்டிப் போடுகிறது: ஒரே ஒரு கட்டடம், பதினைந்து வாரம். பத்தாவது வாரம் வரை "இதை இப்படி மாற்றலாம்" என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. தமிழ்நாட்டுக் கட்டடக்கலைக் கல்லூரியின் நான்காம் ஆண்டு மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியது. சிவில், வரலாறு, தொல்லியல் துறைகளுக்கு எங்கே மாற்ற வேண்டும் என்பதை ஆங்காங்கே சொல்லியிருக்கிறோம்.

படி 1: மணிக்கணக்கும் பருவமும்

நான்கு கிரெடிட் பாடம் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வகுப்பு, நான்கு மணி நேரம் களம் அல்லது பட்டறை. ஆக 30 மணி வகுப்பு, 60 மணி களம். களத்துக்கான நான்கு மணி நேரமும் ஒரே நாளில், தொடர்ச்சியாக வேண்டும். கால அட்டவணை போடும்போதே இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். இரண்டிரண்டு மணியாக உடைந்தால், போய்ச் சேர்ந்து நூல் கட்டி முடிக்கும்போதே திரும்பும் நேரம் வந்துவிடும்.

24 மாணவர்கள், நால்வர் வீதம் ஆறு குழு. இதுதான் ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் கவனிக்கக்கூடிய அளவு. 40 பேர் சேர்ந்தால் இரண்டு கட்டடம் எடுங்கள். குழுவைப் பெரிதாக்க வேண்டாம். ஆறு பேர் குழுவில் இரண்டு பேருக்குத் திண்ணையில் உட்காருவதுதான் வேலை.

முடிந்தால் ஜூலையில் தொடங்கி நவம்பரில் முடியும் செமஸ்டரில் நடத்துங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் சுண்ணாம்பு வேலை செய்யலாம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும், அதுவரை மாணவர்கள் ஊகமாகக் குறித்துவைத்த ஒழுக்கு எல்லாம் கண்ணெதிரே ஒழுகத் தொடங்கும். ஜனவரியில் தொடங்கும் பாடத்துக்கு இந்தப் பரீட்சை கிடைக்காது.

படி 2: எந்தக் கட்டடம்

பாடத்தின் வெற்றியில் பாதி இதில் இருக்கிறது. தேட வேண்டியது 150 முதல் 300 சதுர மீட்டர் வரையுள்ள, செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் மரமும் சேர்ந்த வீடு, சத்திரம் அல்லது பழைய பள்ளிக்கூடம். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, கும்பகோணம், தஞ்சாவூர், காரைக்குடிப் பக்கம் என எங்கும் இப்படிப்பட்டவை உண்டு. கல்லூரியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போகக்கூடியதாக இருக்கட்டும். யாராவது அதில் குடியிருந்தால் நல்லது. ஆளில்லாத வீட்டில் கட்டடத்தின் அன்றாடம் தெரியாது. ஒரு பகுதியிலாவது சிமென்ட் பூசியோ ஆர்.சி.சி. தளம் போட்டோ 'ரிப்பேர்' செய்திருக்க வேண்டும். அந்த ரிப்பேர்தான் உங்கள் சிறந்த பாடநூல்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். அங்கே சாரம் கட்டவோ, சுவரிலிருந்து மாதிரி எடுக்கவோ நினைத்தபடி முடியாது; அனுமதி வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். இரண்டு, ஊரறிந்த கட்டடம். அதன் வரைபடங்கள் ஏற்கெனவே இணையத்தில் கிடக்கும். மாணவர் நாடா பிடிப்பதற்குப் பதில் அதைப் பார்த்து வரைவார்.

உரிமையாளரிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்குங்கள். எந்தெந்த நாள், எந்தெந்த அறை, படம் எடுக்கலாமா, சுவரிலிருந்து 50 கிராம் காரை எடுக்கலாமா என்று தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். பங்காளிகளுக்குள் வழக்கு இருக்கும் வீடு என்றால் ஒருவர் கையெழுத்து போதாது. மற்றவர் ஒருநாள் வந்து மாணவர்களை வெளியேற்றுவார். செட்டிநாட்டு வீடுகளில் ஒரு முகப்புக்குப் பின்னால் இருபது, முப்பது பங்குதாரர் இருப்பது சாதாரணம். கட்டடம் ஏன் பழுதாகிறது என்பதற்கு அதுவே ஒரு காரணம் என்பதால், இதை நிர்வாகத் தொல்லை என்று ஒதுக்காமல் மாணவர்களுக்கும் சொல்லுங்கள்.

நீங்கள் முதலில் தனியாகப் போய்க் கூரை மீது ஏறிப் பாருங்கள். மரக்கட்டை தொய்ந்திருக்கும் அறைகளை நாடா கட்டி அடைத்துவிட வேண்டும். மின்கம்பி, குளவிக்கூடு, மூடப்படாத கிணறு ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் மாணவர்களை அழைத்துப் போக வேண்டும். தலைக்கவசம் எல்லாருக்கும், மாடிக்கு எப்போதும் இருவராக.

படி 3: முதல் வாரமே சுண்ணாம்பை ஊற வையுங்கள்

மற்ற எதுவும் தயாராகாவிட்டாலும் இது நடந்தாக வேண்டும். நீற்றிய சுண்ணாம்புக் களி தண்ணீருக்கு அடியில் நான்கு வாரமாவது இருந்தால்தான் கரணைக்கு (கொத்தனார் கரண்டிக்கு) வழுவழுப்பாக வரும். ஐந்தாவது வாரம் பட்டறை என்றால் முதல் வாரம் நீற்ற வேண்டும்.

24 பேருக்கு 25 கிலோ சுட்ட சுண்ணாம்பு போதும். ஏறத்தாழ 40 லிட்டர் களி கிடைக்கும். கடையில் பொட்டலமாக விற்கும் வெள்ளையடிக்கும் தூளை வாங்காதீர்கள். எத்தனை நாள் காற்றுப்பட்டுக் கிடந்தது என்று தெரியாது. பாதி ஏற்கெனவே சுண்ணக்கல்லாகத் திரும்பியிருக்கும். சோதிக்க எளிய வழி உண்டு: ஒரு துண்டின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் அது பழையது, அல்லது சரியாகச் சுடாதது.

நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பைப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் வெப்பம் ஓரிடத்தில் குவிந்து, கொதிக்கும் களி முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதனால் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். பக்கத்தில் ஒரு வாளி சுத்தமான தண்ணீரும் இருக்கட்டும். பிளாஸ்டிக் டிரம் இளகிவிடும். இரும்பு டிரம் அல்லது செங்கல் தொட்டிதான் சரி. ஆறிய பிறகு சல்லடையில் வடித்து, மேலே நாலு விரல்கிடை தண்ணீர் நிற்கும்படி மூடி வையுங்கள். அந்தத் தண்ணீர் வற்றவிடாமல் வாரம் ஒருமுறை பார்ப்பதை ஒரு குழுவின் பெயரில் எழுதிவிடுங்கள். எல்லாருடைய வேலை என்று விட்டால் நான்காம் வாரம் டிரம்முக்குள் கட்டி இருக்கும்.

படி 4: அளவெடுப்பு (வாரம் 2 முதல் 5 வரை)

நாடா, தூக்குக்குண்டு, டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்), கட்டு நூல், சாக்பீஸ், பென்சில், ஏ3 அட்டை. முதல் இரண்டு வாரம் இவ்வளவுதான். லேசர் தூரமானியை நான்காவது வாரமும், கைபேசி முப்பரிமாணப் பதிவை ஐந்தாவது வாரமும் கொடுங்கள். முதலிலேயே கொடுத்தால் மாணவர் சுவரைத் தொடாமலேயே வேலையை முடித்துவிடுவார். ஒரு கதவு நிலை சுவருக்குள் எப்படிப் பொருந்தியிருக்கிறது என்பது கையால் தடவி அளந்தவருக்குத்தான் தெரியும்.

நால்வருக்கும் நான்கு வேலை: நாடா முனை பிடிப்பவர், அளவு வாசிப்பவர், எழுதுபவர், சரிபார்த்துப் படமெடுப்பவர். ஒவ்வொரு நாளும் மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நன்றாக வரைபவரே செமஸ்டர் முழுக்க எழுதுவார். மற்றவர்கள் நாடா முனையிலேயே நிற்பார்கள்.

வேலை வரிசை இது. முதலில் டியூப் லெவலால் தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் வீடு முழுக்க ஒரே மட்டக்கோடு குறியுங்கள். காரையில் நேரடியாகக் கீறாமல் ஒட்டும் நாடாத் துண்டுகளில் குறிக்க வேண்டும். உயரங்கள் எல்லாம் இந்தக் கோட்டிலிருந்து மேலும் கீழும் அளக்கப்படும், தரையிலிருந்து அளக்கப்படாது. பழைய வீட்டில் திண்ணைக்கும் கொல்லைக்கும் நடுவே தரை ஒரு சாண் இறங்கியிருப்பது சகஜம். அதை நம்பி உயரம் எடுத்தால் குறுக்குவெட்டுப் படத்தில் கூரை சாய்ந்து நிற்கும்.

அடுத்து ஒவ்வொரு அறைக்கும் நான்கு பக்கம், இரண்டு மூலைவிட்டம். மூலைவிட்டத்தை விட்டால் எல்லா அறையும் தாளில் செவ்வகமாகிவிடும். உண்மையில் பழைய வீட்டில் செவ்வகமான அறையைக் காண்பது அரிது. சுவரில் உள்ள கதவு, சன்னல், மாடங்களை ஒரு முனையில் பூஜ்யம் வைத்துத் தொடர் அளவாக எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து கூட்டினால், துண்டுக்கு 5 மி.மீ. பிழை என்றாலும் பத்துத் துண்டில் 5 செ.மீ. வந்து நிற்கும். ஓர் அறையின் முக்கோணங்கள் 10 முதல் 15 மி.மீ. வரை பொருந்தாவிட்டால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் மறுபடி அளக்க வேண்டும். கணினியில் 'சரிசெய்ய' அனுமதிக்காதீர்கள்.

மிக அதிகம் விடுபடுவது சுவரின் தடிமன். ஒவ்வொரு வாசலிலும் எடுங்கள். ஒரே சுவர் ஓரிடத்தில் 45 செ.மீ., இன்னோரிடத்தில் 60 செ.மீ. என்று வந்தால் அங்கே ஒரு கதை இருக்கிறது: மூடிய கதவு, பின்னால் சேர்த்த அறை, அல்லது சுவருக்குள் போன படிக்கட்டு.

தளப்படம் 1:50, குறுக்குவெட்டு 1:50, கதவு சன்னல் 1:10, மூட்டு விவரம் 1:5. களத்தாள்களை அழகுபடுத்தி மறுபடி எழுத வைக்காதீர்கள். வியர்வைக் கறையோடு அதே தாள்தான் மதிப்பெண்ணுக்கு வர வேண்டும். தேதி, குழு, எந்த அறை, எந்தத் திசை நோக்கி என்ற நான்கும் இல்லாத தாளுக்குப் பூஜ்யம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கைபேசிப் படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி செய்வதானால், அடுத்தடுத்த படங்கள் மூன்றில் இரண்டு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். அளவுகோல் ஒன்று சட்டத்துக்குள் இருக்க வேண்டும். நாடாவால் அளந்த நான்கு புள்ளிகளோடு ஒப்பிட வேண்டும். முகப்பின் சுதை வேலைப்பாட்டுக்கு இது அருமையான கருவி. வீட்டின் இருட்டான இரண்டாம் கட்டில் (உள்பகுதியில்) வெறும் வெள்ளைச் சுவரை எடுத்தால் மென்பொருளுக்குப் பிடிமானம் கிடைக்காமல் சுவர் வாழைப்பழமாக வளையும்.

படி 5: பத்திரமும் பேச்சும்

இந்தப் படிக்கு இரண்டு வாரம் போதும். அளவெடுப்போடு சேர்த்தே நடக்கும். வீட்டின் வயதை "நூறு வருஷம் இருக்கும்" என்பதோடு விட்டுவிடாதீர்கள். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், வில்லங்கச் சான்று, நகர அளவைப் பதிவேடு ஆகிய நான்கையும் மாணவர் ஒருமுறையாவது கையில் எடுக்க வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரம் பொக்கிஷம். யாருக்கு எந்த அறை, தாழ்வாரம் எது வரை, கிணறு பொதுவா என்றெல்லாம் எழுதி, செக்குபந்தியும் (நான்கு எல்லையும்) சொல்லும். பத்திரத்தில் இருக்கும் அறை இன்று இல்லை என்றால் அது எப்போது போனது என்று தேடத் தொடங்கலாம். சென்னைக் கட்டடம் என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். வரலாற்றுத் துறை மாணவர்கள் இருந்தால் இந்தப் படியை அவர்கள் தலைமையில் விடலாம். பழைய கையெழுத்துப் படிப்பதில் கட்டடக்கலை மாணவர்கள் திணறுவார்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் பேசும்போது கேள்வித்தாள் நீட்டாமல், அவர்களோடு வீட்டைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். "தாத்தா, இந்தச் சுவரில் எப்போ சிமென்ட் பூசினீங்க?" என்று சுவருக்கு முன்னால் நின்று கேட்டால் பெரும்பாலும் ஒரு கல்யாணத்தையோ ஒரு புயலையோ வைத்துப் பதில் வரும். அந்தக் கல்யாணத்துக்குத் தேதி கண்டுபிடிப்பது எளிது.

படி 6: நோயறிதல் (வாரம் 6 முதல் 9 வரை)

பாடத்தின் நெஞ்சு இது. அவசரப்படக் கூடாது.

அளவெடுத்த படத்தின் மேல் பழுதுகளைக் குறிக்கும் பழுதுப்படம் வரைய வேண்டும். விரிசல், ஓதம், உப்பு பூத்தல், காரை உதிர்தல், கரையான், உளுப்பு, செடி முளைத்தல், பொருந்தாத ரிப்பேர் என எட்டுக் குறிகள் போதும். இருபது குறி வைத்தால் படம் அழகாக இருக்கும், யாராலும் படிக்க முடியாது. ஒவ்வொரு பழுதுக்கும் மூன்று வரி எழுத வேண்டும்: என்ன தெரிகிறது, காரணம் என்னவாக இருக்கலாம், அதை எப்படி உறுதிப்படுத்துவது. மூன்றாவது வரி எழுத முடியாவிட்டால் இரண்டாவது வரி வெறும் யூகம் என்று மாணவருக்குப் புரியும்.

ஓதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. தரையீரம் செங்கல் துளைகள் வழியாக ஏறும்; சுண்ணாம்புக் காரை வழியாக ஆவியாகி வெளியேறும்; ஓர் உயரத்தில் இரண்டும் சமமாகி நின்றுவிடும். அடிச்சுவரில் சிமென்ட் பூசினால் ஆவியாகும் வழி அடைபடுகிறது. ஈரம் பூச்சுக்கு மேல் ஏறி அங்கே வெளிவருகிறது. கூடவே வந்த உப்பு அங்கே படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்குகிறது. உரிமையாளர் மறுபடி ஓரடி உயர்த்தி சிமென்ட் பூசுவார். நாலு முறை பூசிய சுவரில் நாலு கோடு தெரியும். மாணவர்களை அந்தக் கோடுகளை அளக்கச் சொல்லுங்கள்.

ஈரமானியை நம்பி ஏமாறுவது இங்கே வழக்கமான தவறு. மின்தடையை வைத்து இயங்கும் கருவி மரத்துக்காக அமைக்கப்பட்டது. உப்புள்ள சுவரில் ஈரம் குறைவாக இருந்தாலும் முள் உச்சிக்குப் போகும். எண்ணை எழுதாமல், தரையிலிருந்து 20 செ.மீ.க்கு ஒருமுறை தொட்டு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று மட்டும் வரையச் சொல்லுங்கள். உண்மையான அளவு வேண்டுமானால் துளையிட்ட பொடி 10 கிராம் எடுத்து, எடைபோட்டு, 105 டிகிரி செல்சியஸில் உலர்த்தி, மறுபடி எடைபோட வேண்டும். சிவில் துறை ஆய்வகத்தில் இதற்கான அடுப்பும் தராசும் இருக்கும்.

அடுத்தது மெட்ராஸ் டெரஸ் தளம். தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் மூலைவிட்டமாகக் குத்தி நிறுத்திய மெல்லிய சிறு செங்கற்கள், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கிய அடுக்கு, மேலே தட்டோடு. கட்டையின் நடுப்பகுதி பார்வைக்குப் பிரமாதமாக இருக்கும். கெடுவது சுவருக்குள் புதைந்த முனை. மழைநீர்க் குழாய் அடைந்தாலோ கைப்பிடிச் சுவரின் அடியில் விரிசல் விட்டாலோ தண்ணீர் நேராக அங்கே இறங்கும். ஒவ்வொரு முனையையும் மெல்லிய திருப்புளியால் குத்திப் பார்த்து, எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று கட்டைக்கு எண் போட்டு அட்டவணையாக்குங்கள். நூல் கட்டித் தொய்வையும் அளக்க வேண்டும். தளம் ஒழுகுகிறது என்று மேலே சிமென்ட் பூச்சு போடுவார்கள். ஒழுக்கு மூலையில் இருக்க, எடை மட்டும் நடுவில் கூடும். தளத்தையே எடுத்துவிட்டு ஆர்.சி.சி. போட்டால் வெயிலில் அது விரிந்து சுண்ணாம்புச் சுவரின் தலையைத் தள்ளும். கூரைக்குச் சற்றுக் கீழே கிடைமட்டமாக ஓடும் விரிசலைப் பார்த்தால் முதலில் மேலே என்ன தளம் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

விரிசலுக்கு இரு பக்கமும் இரண்டு துருப்பிடிக்காத ஊசிகளை ஒட்டி, இடைவெளியை வெர்னியரால் (நுண்ணளவுக் கருவி) அளந்து வாரம் ஒருமுறை குறிக்கலாம். ஒரு செமஸ்டரில் பெரும்பாலும் எந்த அசைவும் தெரியாது. மாணவர்கள் ஏமாற்றமடைவார்கள். அசையாத விரிசலை இடித்துக் கட்ட வேண்டியதில்லை என்பதும் ஒரு கண்டுபிடிப்புதான்.

காரையின் கலவை அறிய 40 கிராம் மாதிரியை உலர்த்தி எடைபோட்டு, பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, எஞ்சிய மணலைக் கழுவி உலர்த்தி எடைபோடுங்கள். கரைந்தது சுண்ணாம்பு, நின்றது மணல். கடலோரக் கட்டடம் என்றால் எச்சரிக்கை: மணலில் கிளிஞ்சல் துகள் இருந்தால் அதுவும் கரைந்து, சுண்ணாம்பு உண்மையைவிட அதிகமாகக் காட்டும். கரைக்கும் முன் உருப்பெருக்கியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 7: காரைப் பட்டறை (வாரம் 5, 6)

இதைக் கொத்தனார் ஒருவர் நடத்த வேண்டும், ஆசிரியர் அல்ல. கல்லூரிக் கணக்குப் பிரிவு அவருடைய பட்டச் சான்றிதழைக் கேட்கும். எனவே செமஸ்டர் தொடங்கும் முன்பே 'வல்லுநர் மதிப்பூதியம்' என்ற தலைப்பில் நிதி ஒதுக்கி வையுங்கள். தினக்கூலிக் கணக்கில் கொடுத்தால் மாணவர்களும் அவரை அப்படியே பார்ப்பார்கள்.

கல்லூரி வளாகத்தில் ஒரு செங்கல் சுவரில் குழுவுக்கு மூன்று சதுரம், ஒவ்வொன்றும் 60 செ.மீ.க்கு 60 செ.மீ., தடிமன் இரண்டு பூச்சாக 20 மி.மீ. ஒரு சதுரத்துக்கு 7 லிட்டருக்குச் சற்று மேல் கலவை பிடிக்கும். முதல் சதுரம் ஒரு பங்கு சுண்ணாம்புக் களிக்கு மூன்று பங்கு மணல். இரண்டாவது சுண்ணாம்பு 1, செங்கல் தூள் 1, மணல் 2; இதில் கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரைச் சேர்க்கலாம். மூன்றாவது ஒப்பீட்டுக்காக 1:5 சிமென்ட். கடுக்காய், வெல்லத்தின் அளவு மேஸ்திரிக்கு மேஸ்திரி மாறும். அவர் கைப்பிடியில் அள்ளுவதை உடனே தராசில் வைத்து எழுதிக்கொள்வது மாணவர் வேலை. வெல்லம் கூடினால் காரை இறுகத் தாமதமாகும், எறும்பும் வரும்.

தோல்விக்கு முக்கியக் காரணம் அவசரம். சுவரை நன்றாக நனைக்காமல் பூசினால் செங்கல் காரையின் ஈரத்தைக் குடித்துவிடும். காரை தட்டையாகப் பெயரும். வெயிலில் விட்டால் வலைபோல் வெடிக்கும். ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமாவது காக்க வேண்டும். மூன்று நாள் கழித்து நகத்தால் கீறிப் பார்த்து "இறுகவே இல்லை" என்பார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் கல்லாகிறது. அது வெளியிலிருந்து உள்ளே மெதுவாகப் போகும். ஆறு வாரம் கழித்து ஒரு மூலையை உடைத்து, உடைந்த பக்கத்தில் பினாப்தலீன் (காரம் பட்டால் சிவக்கும் கரைசல்) தெளித்தால் உள்ளே சிவப்பாகவும் வெளி விளிம்பு நிறமில்லாமலும் தெரியும். அந்த நிறமற்ற பட்டையின் அகலத்தை அளந்து எழுதுவதோடு பட்டறைக் குறிப்பேடு முடியும்.

கூடவே இரண்டு சிறு செங்கல் தூண்களைத் தட்டில் உப்புத் தண்ணீர் வைத்து நிறுத்துங்கள். ஒன்றுக்குச் சுண்ணாம்புப் பூச்சு, மற்றதற்குச் சிமென்ட். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டு, ஈரக்கோட்டை வாரம் ஒருமுறை பென்சிலால் குறித்து வாருங்கள். ஓதம் பற்றிய வகுப்பை இந்தத் தூண்களுக்கு முன்னால் நடத்தலாம்.

படி 8: சாசனமும் சட்டமும்

வகுப்பறை நேரத்தை இதற்குப் பயன்படுத்துங்கள், ஆனால் ஐந்தாவது வாரத்துக்குப் பிறகு. சுவரைத் தொட்ட பிறகு படிக்கும் சாசனம் வேறு மாதிரி ஒலிக்கும். 1964 வெனிஸ் சாசனம், 1979இல் தொடங்கி 2013 வரை திருத்தப்பட்ட பர்ரா சாசனம், 1994 நாரா ஆவணம், 2004 இன்டாக் (இந்திய மரபுப் பாதுகாப்பு அமைப்பு) சாசனம் ஆகிய நான்கும் போதும். ஒவ்வொன்றையும் ஒரு வழக்கோடு கொடுங்கள்.

புதுச்சேரி மேரி கட்டடம் (பிரெஞ்சுக் கால நகர்மன்றம்) 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள். ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது வெனிஸ் சாசனம்; ஆவணம் இருந்தால் அது ஊகமா? தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பது 1931இல் தெரியவந்தது. பின்னர் தொல்லியல் துறை மேலடுக்கின் சில பகுதிகளைப் பெயர்த்து ஃபைபர் கிளாஸ் பலகையில் ஏற்றியது. எந்த நூற்றாண்டுக்கு முன்னுரிமை? திருப்பணியும் குடமுழுக்கும் காலந்தோறும் நடக்கும் கோயிலில் 'அசல்' என்பது எது? திருவரங்கம் கோயில் 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது பெற்றதையும், கோயில்களில் மணல் வீசித் தூண்களைச் சுத்தம் செய்து கல்வெட்டுகளைக் கெடுத்ததையும் ஒரே வகுப்பில் பேசுங்கள். திருப்பணி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டும் அடங்குவது புரியும்.

சட்டத்தைப் பட்டியலாகச் சொன்னால் மறந்துவிடும். நான்கு முகவரி கொடுத்து "யாரிடம் அனுமதி கேட்பாய்?" என்று கேளுங்கள். மத்தியத் தொல்லியல் துறைச் சின்னத்திலிருந்து 80 மீட்டரில் ஒரு வீடு: 1958 சட்டத்தின் 2010 திருத்தப்படி முதல் 100 மீட்டர் தடைப்பகுதி, அடுத்த 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி; இந்த வீடு தடைப்பகுதிக்குள் இருப்பதால் புதிதாகக் கட்ட முடியாது, பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். மாநிலத் தொல்லியல் துறையின் மண்டபம்: 1966 மாநிலச் சட்டம். அறநிலையத் துறைக் கோயிலின் மதில்: 1959 சட்டம். நான்காவது, எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு தெரு வீடு. அதற்குப் பெரும்பாலும் பதில் கிடைக்காது. 2012 தமிழ்நாடு மரபுடைமை ஆணையச் சட்டத்தை அங்கிருந்து தொடங்கலாம். அண்ணா சாலையில் 1897இல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கியதும், சென்னை உயர் நீதிமன்றம் 2010 தீர்ப்பில் இடிக்கக் கூடாது என்றதும் நல்ல வாசிப்பு. தீர்ப்பையே படிக்கக் கொடுங்கள், செய்திச் சுருக்கம் வேண்டாம்.

படி 9: பத்தாவது வாரம், இனி பேசலாம்

முதலில் ஒரே பக்கத்தில் இந்தக் கட்டடத்துக்கு என்ன மதிப்பு, எதில் இருக்கிறது என்று எழுத வேண்டும். 'தனித்துவமான', 'பாரம்பரியச் சிறப்புமிக்க' என்ற சொற்களுக்குத் தடை போடுங்கள். எந்தச் சுவர், எந்தத் தூண், எந்தப் பழக்கம் என்று பெயர் சொல்லி எழுதினால்தான் அடுத்ததாக எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று முடிவு செய்ய முடியும்.

பிறகு யோசனைகளை மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: அடுத்த மழைக்கு முன் செய்ய வேண்டியவை, இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டியவை, பணம் இருந்தால் செய்யலாம் என்பவை. காபிக் கடை மூன்றாவது அடுக்கில்தான் வரும். முதல் இரண்டையும் முடிக்காதவர் அதை வரையக் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் பொருள், கலவை விகிதம், யார் செய்வார், எத்தனை ஆள்நாள் என்று விவரக்குறிப்பு வேண்டும். பொதுப்பணித் துறையின் விலைப் பட்டியலை மட்டும் வைத்துக் கடுக்காய்க் காரைக்கு மதிப்பீடு போட முடியாது. பட்டறைக்கு வந்த மேஸ்திரியிடமே ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை ஆள், எத்தனை நாள் என்று கேட்டுக் கணக்குப் போடச் சொல்லுங்கள். சிவில் மாணவர்கள் இருந்தால் கட்டை முனைகளின் மாற்றுத் தாங்கலை அவர்கள் கணக்கிடட்டும்.

மதிப்பெண்

களத்தாள்களுக்கு 20, பத்திர ஆய்வுக்கு 10, பழுதுப்படத்துக்கு 25, காரைக் குறிப்பேட்டுக்கு 15, யோசனைக்கும் மதிப்பீட்டுக்கும் 20, வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) 10. உங்கள் பல்கலைக்கழகத்தின் உள்மதிப்பீடு, வெளித்தேர்வு விகிதத்துக்கு ஏற்ப இதை மாற்றலாம். ஆனால் பழுதுப்படத்துக்கு யோசனையைவிட அதிகம் என்பதை மாற்றாதீர்கள். மதிப்பெண் எங்கே போகிறதோ இரவு வேலையும் அங்கே போகும். வைவாவைக் கட்டடத்திலேயே நடத்துங்கள். "இந்தக் கறை ஏன்?" என்று சுவரைக் காட்டிக் கேட்டால், குழுவில் யார் உழைத்தார் என்று இரண்டு நிமிடத்தில் தெரியும்.

படி 10: ஒப்படைத்தல்

கல்லூரிக்கு நாற்பது பக்க அறிக்கை போகட்டும். உரிமையாளருக்குத் தமிழில் இரண்டே பக்கம்: தளப்படம் ஒன்று, மழைக்கு முன் செய்ய வேண்டிய மூன்று வேலை, எந்தச் சுவரில் சிமென்ட் பூச வேண்டாம் என்பது, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை எங்கே கேட்கலாம் என்பது. இந்த இரண்டு பக்கத்தை எழுத மாணவர்கள் நாற்பது பக்கத்தைவிட அதிகம் சிரமப்படுவார்கள். 'ஈரப்பதத் தந்துகி ஏற்றம்' என்று எழுதியதை வீட்டுக்காரம்மா முன்னால் உரக்கப் படிக்கச் சொன்னால் தானாகத் திருத்திக்கொள்வார்கள்.

அளவுப்படங்கள், படங்கள், விரிசல் அளவுகளை ஒரே கோப்புறையில் ஆண்டு, கட்டடம், அறை எண் என்ற வரிசையில் பெயரிட்டு நூலகத்தில் ஒரு பிரதி, துறையில் ஒரு பிரதி வையுங்கள். வரைபட மென்பொருளின் மூலக்கோப்போடு பி.டி.எஃப். வடிவமும் கட்டாயம், பத்து ஆண்டில் மென்பொருள் மாறிவிடும். உரிமையாளர் அனுமதித்தால் விரிசல் ஊசிகளை அப்படியே விட்டுவிடுங்கள். அடுத்த ஜூலையில் வரும் குழு முதல் நாள் வெர்னியரோடு அங்கே போய், இடைவெளியை அளந்து, பழைய அட்டவணையின் கடைசி வரிக்குக் கீழே எழுதட்டும்.